ஒன்பதாவது புள்ளி

என் அண்ணியின் கைப்பையில் இன்றும் பாதி பிளேடு ஒன்று காகிதத்தில் மடித்தபடி இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது.

பட்டு ஸ்கார்ஃப் அச்சடிக்கும் கூடம் அது. பெரிய ஃபேஷன் நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தம். நான் கீழே சாயம் கலந்தேன். அண்ணிக்கு மாடியில், அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை. ஓவியத்தின் மேல் ஒளி ஊடுருவும் ஃபிலிமை விரித்து, நிறத்துக்கு ஒரு ஃபிலிமாகக் கறுப்பு மையில் வரைந்தெடுப்பார். ஃபிலிமில் இருப்பதெல்லாம் துணியில் விழும். ஒரு தூசி ஒட்டினால் ஆயிரம் துணியிலும் ஒரு புள்ளி. எனவே பிளேடு நுனியால் தூசியைச் சுரண்டுவது அவர் வேலையில் பாதி. கூடத்தில் அவருக்குத் ‘தூசி அக்கா’ என்றே பெயர். “என்னையும் ஒரு நாள் சுரண்டிப் போட்டுடுவா” என்பார் அண்ணன்.

அண்ணியைத் திறமைசாலி என்று நான் அப்போது சொன்னதில்லை. கவனத்தைத் திறமை என்று சொல்லலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. இன்றும் கொஞ்சம் இருக்கிறது.

ஒரு வருடம் நிறுவனம் தன் ஸ்கார்ஃபுக்குப் படம் வரைய ஓர் ஓவியரை அழைத்தது. கண்காட்சிகளில் பேசப்பட்டவர், நாற்பது வயதுப் பெண். நீல வெளியில் ஒரே ஒரு வளைந்த கோடு வரைந்து தந்தார். அண்ணி இரண்டு மாதம் உழைத்தார். மாதிரித் துணியை விரித்ததும் ஓவியர் கேட்டார்:

“என் புள்ளிங்க எங்க?”

“எந்தப் புள்ளி?” என்றார் மேனேஜர்.

“மேல் மூலையில ஏழு இருக்குமே.”

அண்ணி மூல ஓவியத்தின் மூலையைப் பார்த்தார். “அது... பிரஷ் தெறிச்சதுன்னு நெனச்சு விட்டுட்டேங்க.”

“தெறிச்சதுதான். யோசிச்சு வரைஞ்சதெல்லாம் சுமாருங்க. தானா விழுந்த அந்த ஏழுதான் படத்துக்கே உயிர்.”

அன்றே அண்ணி ஏழு புள்ளிகளை அளந்து வைத்துக் காட்டினார். ஓவியர் உதட்டைப் பிதுக்கினார். “இதுங்க விழலை. குரூப் ஃபோட்டோவுக்கு நிக்குதுங்க. ஏழுதான் வேணும்னு இல்ல, ஆனா விழுந்திருக்கணும். வெள்ளிக்கிழமை வர்றேன்.”

அவர் போனதும் மேனேஜர் சொன்னார்: “அன்னைக்கும் சரியா வரலைன்னா ஃபிலிம் வேலையை வெளியில குடுத்துடுவேன். நீங்க துணி மடிக்கிற பிரிவுக்குப் போயிடுங்க.”

பத்தொன்பது வருடம் உட்கார்ந்த மேசை. நான்கு நாளில் முப்பது ஃபிலிம் வீணாயிற்று. எதிலும் புள்ளிகள் விழவில்லை, எல்லாம் வைத்தவை. தற்செயலை வேண்டுமென்றே செய்ய முடியுமா என்று நான் சாவகாசமாக யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனைக்கு விலை கொடுக்கப் போகிறவர் நான் இல்லையே.

வெள்ளிக்கிழமை காலை, நீலச் சாயக் குவளையோடு மாடிக்குப் போனேன். அண்ணி மையில் தோய்த்த பிரஷ்ஷைப் பிடித்தபடி இருந்தார்.

“தம்பி, என்னைத் திடீர்னு பயமுறுத்தேன்.”

“சொல்லிட்டா அது எப்படித் திடீர்னு ஆகும்?”

“தத்துவம் பேசாத. பயமுறுத்து.”

பின்னால் போய் ஒரு தகர மூடியைக் கீழே போட்டேன். கை அசையவில்லை. “நீ மூச்சை இழுத்ததுமே தெரிஞ்சுபோச்சு” என்றார். மேசையில் ஓங்கித் தட்டினேன். அதற்கும் அசையவில்லை.

“அண்ணி, உங்களைப் பயமுறுத்தணும்னா அண்ணனைச் சமைக்கச் சொல்லணும்.”

அவர் சிரிக்கக்கூட இல்லை. சலித்துப்போய்ப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். கால் ஆடுகிறது, உட்காராதே என்று அவர் மாதக்கணக்காகச் சொல்லிவந்த ஸ்டூல். கால் முறிந்தது. நான் தரையில், குவளை என் தலையில். இரண்டு காதும் நீலம்.

அண்ணி சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, பிரஷ்ஷும் சேர்ந்து குலுங்கச் சிரித்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஃபிலிமைப் பார்த்தோம். மூலையில் ஒன்பது புள்ளிகள்.

மதியம் ஓவியர் வந்தார். வெகுநேரம் பார்த்தார். ஓரத்தில் தனியாகக் கிடந்த ஒன்றின் பக்கத்தில் விரலை வைத்தார். “இது ரொம்ப நல்லா விழுந்திருக்கு.” சம்மதம் என்று ஃபிலிமின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். மேசை தப்பியது. என் காதுகள் வெளுக்க இரண்டு வாரம் ஆனது.

போன மாதம் அந்த நிறுவனத்தின் கடை வாசலில், ஓவியர்களோடு சேர்ந்து செய்த பழைய துணிகளைக் கண்ணாடிக்குள் மாட்டியிருந்தார்கள். எங்கள் நீலமும் இருந்தது. அண்ணி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினார்.

“தம்பி, பிரஷ்ஷுல இருந்து விழுந்தது எட்டுதான்.”

“ஒன்பது இருக்கே?”

“அந்த ஓரத்துல இருக்கிறது தூசி. சிரிச்சதுல கவனிக்கலை. அவங்க விரல் வச்சப்பதான் தெரிஞ்சுது.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா சுரண்டணும். சுரண்டினா அவங்களுக்குப் பிடிச்ச புள்ளி போயிடும். அப்புறம் எனக்கு ஏது மேசை?”

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வலது கை கைப்பைக்குள் போய் எதையோ தடவிக்கொண்டிருந்தது. நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றது நல்லதாயிற்று.