அமீது பாய் மாற்றி வைத்த பேட்டரி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஜீப்பின் இற்றுப்போன தரைத் தகட்டை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. வெல்டிங் இரைச்சலில் முதல்முறை பெயர் காதில் விழவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது கை தானாக நின்றுவிட்டது. ஆட்டோ எலக்ட்ரீசியன் அப்துல் அமீது மௌத்தாகிவிட்டார், மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள்.

அடக்கத்துக்குப் போனேன். கூட்டம் அதிகமில்லை. நம் பட்டறைத் தொழிலாளர் சங்கத்திலிருந்து ஆறேழு பேர், பழைய ஜீப் டிரைவர்கள் சிலர். எனக்கு முன்னால் நின்ற இருவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"யாரு, மெட்டு ரோட்டுல காரு எரிஞ்சுச்சே, அந்த எலக்ட்ரீசியனா?"

"அவரு தான். நல்ல வேலக்காரரு. அந்த ஒரு வயரிங்குல கோட்ட விட்டுட்டாரு. என்ன செய்ய."

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். என் முறை வந்ததும் மண் போட்டேன்.

சங்கத்தின் அறிவிப்புகளை எழுதுகிறவன் என்பதால் இரங்கலையும் என்னையே எழுதச் சொன்னீர்கள். போடியில் ஒரே தகரக் கூரையின் கீழ் அவரும் நானும் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தோம். முன்பக்கம் அவருடைய எலக்ட்ரிக்கல் பட்டறை, பின்பக்கம் என் டிங்கர் பட்டறை. அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். அவரை நன்றாக அறிந்தவன் என்று என்னை நம்பித்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காரைப் பற்றி எழுதாமல் இந்த இரங்கலை எழுத எனக்கு வழியில்லை.

முதலில் அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்கிறேன். தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் ஒன்று ஒருமுறை அவரிடம் வந்தது. ஹெட்லைட் மங்கலாக எரிந்தது. விடியும் முன் வண்டி கிளம்ப வேண்டும், பல்பை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்றார் டிரைவர். அமீது பாய் பல்பை மாற்றினார். வெளிச்சம் கொஞ்சம் கூடியது. டிரைவர் சாவிக்குக் கை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை.

"எர்த்து சரியில்ல. வயரு பூரா பூத்துப் போயிருக்கு. மேல மஞ்சு எறங்குச்சுன்னா ரோடு தெரியாதுய்யா. பன்னெண்டு பொம்பளைக உக்காந்து வராக. நாளைக்கு வேற வண்டி சொல்லு."

டிரைவர் கோபித்துக்கொண்டு, வேறு பட்டறைக்குப் போவேன் என்றார். "போ. ஆனா வண்டி இங்கன தான் நிக்கும்" என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அந்தப் பெண்கள் வேறு ஜீப்பில் போனார்கள். இந்த ஜீப்பின் வயரை முழுவதும் உருவிப் புதிதாக இழுத்துக் கொடுத்தார். "கரண்டுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது மாப்ளே. நாம விட்ட எடத்துல அது பாஞ்சுரும்" என்பார். இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். நானும் பல தடவை தலையாட்டியிருக்கிறேன்.

தினகரனை உங்களில் பலருக்குத் தெரியும். ஏலக்காய் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. ஏல மையத்தில் காயைக் கையில் அள்ளி, விரலால் உருட்டிப் பார்த்தே எந்த மலைச் சரக்கு, எத்தனை நாள் உலர்ந்தது என்று சொல்லக்கூடியவன். கார் மீது பைத்தியம். கொச்சியிலிருந்து இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கிவந்தான். முன்னால் பாரம் கூடுதலாக இருந்ததால் கொண்டை ஊசி வளைவில் வண்டியின் மூக்கு திரும்பாமல் வெளியே இழுத்தது. பேட்டரி என்ஜினை ஒட்டி இருந்ததால் மலையேறும் சூட்டில் வெந்து, ஆறு மாதத்துக்கு ஒன்று வீணாகிக்கொண்டும் இருந்தது. பேட்டரியைப் பின்னால் டிக்கிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டு வந்தான்.

"முடியும். ஆனா வெரசா முடியாது" என்றார் அமீது பாய்.

ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். டிக்கிக்குள் பேட்டரியை உட்கார்த்த இரும்புத் தட்டும் பட்டையும் நான் அடித்துக் கொடுத்தேன். வண்டி குட்டிக்கரணம் போட்டாலும் பேட்டரி அசையக்கூடாது என்று மூன்று முறை பிரித்து மாட்டச் சொன்னார். அதை மூடிய பெட்டிக்குள் வைத்து, அதிலிருந்து வரும் வாயு வெளியேறக் குழாய் விட்டார். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, தகடு பளபளக்கும்வரை தேய்த்தார். டிக்கியிலிருந்து என்ஜின்வரை கட்டைவிரல் தடிமனான கேபிள் ஒன்று கார்ப்பெட்டுக்கு அடியில் போக வேண்டும். அது தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் வளையம் போட்டார். பேட்டரியை ஒட்டி ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு பெரிய ஃபியூஸ் வைத்தார்.

அது எதற்கு என்று தினகரன் கேட்டான்.

"பத்தடி கேபிள் ஒன் காலுக்குக் கீழ போகுது தம்பி. எங்கயாவது ஒரசித் தகட்டத் தொட்டுச்சுன்னா கம்பி பழுத்துரும். இந்தப் பீஸு போனா வண்டி நிக்கும், நீ எறங்கி நடக்கலாம். பீஸு போச்சுன்னா மாத்தாத. ஏன் போச்சுன்னு பாக்கணும். எங்கிட்ட கொண்டா."

இதை அவர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன்.

வேலை முடிந்த அன்று தினகரன் ஓட்ட, அமீது பாய் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போடிமெட்டுவரை போய்வந்தார். நான் பைக்கில் பின்னால் போனேன். போகிற வழியெல்லாம் குனிந்து கார்ப்பெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருந்தாராம், கேபிள் சூடாகிறதா என்று பார்க்க. மேலே போய் இறங்கியவருக்குத் தலை சுற்றி, சாலையோரம் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு நேராக டிக்கியைத் திறந்து, டெர்மினலைப் புறங்கையால் தொட்டார். "சுடல" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மூவரும் டீ குடித்தோம். கீழே தேனிப் பக்கத்துச் சமவெளி முழுவதும் தெரிந்தது. நல்ல நாள் அது.

ஏழெட்டு மாதம் கார் குறையில்லாமல் ஓடியது. இடையில் மதுரையில் யாரிடமோ கொடுத்துத் தினகரன் இருக்கைகளை மாற்றியிருக்கிறான். எங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை அவன் வீட்டிலிருந்து போன் செய்தான். கார் உயிரே இல்லாமல் கிடக்கிறது, மேலே தோட்டத்துக்கு உடனே போயாக வேண்டும் என்றான். அமீது பாய் மதுரையில் மகள் பர்வீன் வீட்டுக்குப் போயிருந்தார். நான் போய் டிக்கியைத் திறந்தேன். ஃபியூஸ் அறுந்திருந்தது.

"பாய் வரட்டும் தம்பி. சாயங்காலம் வந்துருவாரு."

"அதுவரைக்கும் தாங்காதுண்ணே. எதையாச்சும் வச்சு விடுங்க. போயிட்டு வந்து பாயிட்ட விட்டுர்றேன்."

அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஃபியூஸ் இல்லாமல் ஓட்டுவதன் ஆபத்து அவனுக்குப் புரியாது, எனக்குப் புரியும். அமீது பாயுக்குப் போன் போட்டிருக்கலாம். போட்டால் வேண்டாம் என்பார் என்பதால் போடவில்லை. அந்தக் குடும்பத்து ஜீப்புகள், லோடு வண்டிகள் எல்லாம் என்னிடம்தான் டிங்கர் வேலைக்கு வரும். முடியாது என்று சொல்ல நா எழவில்லை. கருவிப் பையிலிருந்த செப்புத் தகட்டில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இரு முனையிலும் துளையிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் முறுக்கி வைத்தேன். வைக்கும்போது ஒரு பொறி பறந்தது. வழக்கமான பொறிதான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கார் கிளம்பிற்று.

புது இருக்கையின் போல்ட் ஒன்று நீளம் கூடுதல். அது கார்ப்பெட்டுக்கு அடியில் கேபிளின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. ஃபியூஸ் போனதும் அதனால்தான். ஒரு வளைவில் வண்டி சாய்ந்தபோது போல்ட் தோலைக் கிழித்து உள்ளே செப்புக் கம்பியையே தொட்டுவிட்டது. அறுந்து போக அங்கே ஃபியூஸ் இல்லை. கார்ப்பெட் பற்றிக்கொண்டது. தினகரன் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிட்டான். இறங்கியவன் ஓடியிருக்கலாம். டிக்கியைத் திறந்து பேட்டரியிலிருந்து கேபிளைப் பிடுங்கப் பார்த்தான். உருகிய ரப்பரும் பழுத்த கம்பியும் வலது கையில் அப்பிக்கொண்டன. அந்த வழியாக வந்த ஜீப் டிரைவர்கள் அவனை இழுத்துப் போட்டு, மண்ணை அள்ளி வீசினார்கள். கார் முழுவதும் எரிந்துவிட்டது. அவன் உயிர் பிழைத்தான். வலது கையின் மூன்று விரல்கள் மடங்கியபடியே ஒட்டிப்போயின. இப்போது காயைத் தொட்டால் அவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

பேட்டரியைப் பின்னால் மாற்றியதால் வந்த தீ என்று போடி முழுக்கப் பேசினார்கள். மருத்துவமனையில் கிடந்த தினகரனும் அப்படித்தான் நம்பினான். நான் துண்டை வைத்தபோது அவன் பார்க்கவில்லை, எரியும்போது அதைக் கவனிக்கும் நிலையிலும் இல்லை. ஏதோ ஃபியூஸ் மாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் கிடந்த எரிந்த காரைப் பார்க்க அமீது பாய் தனியாகப் போனார். வெகுநேரம் டிக்கிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். வேலை யார் செய்தது என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, "நான் செஞ்சது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

பட்டறைக்குத் திரும்பிவந்து தண்ணீர் குடித்தார். என்னைப் பார்த்தார். நான் ஒரு கதவின் நசுங்கலைத் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

அன்று சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். கேஸ் என் மேல் திரும்பிவிடுமோ என்ற பயம் முதலில். பயம் போனபிறகு வெட்கம் வந்தது. வெட்கமும் பழகிப்போயிற்று.

ஜீப்புகள் அவரிடம் வருவது குறைந்து, பிறகு நின்றன. ஐந்தாவது மாதம் பட்டறையைக் காலி செய்தார். சாமான்களை வண்டியில் ஏற்ற நான்தான் கை கொடுத்தேன். பூப்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மோட்டார் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். அந்தச் சூடும் வெளியே குளிரும் அவருக்கு ஆகவில்லை. ஏற்கெனவே இதயம் பலவீனம். இரண்டு வருடத்தில் நெஞ்சில் நீர் கோத்து, தேனி மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

போய்ப் பார்த்தேன். மத்தியான நேரம். அவருடைய மனைவி சாப்பாடு வாங்கப் போயிருந்தார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு எதையோ பேசினேன். அவர் கையமர்த்தினார்.

"செப்புத் தகடு உருகாமக் கெடந்துச்சு மாப்ளே. ஒங் கத்திரி வெட்டு எனக்குத் தெரியாதா."

உரித்த பழத்தைத் தட்டில் வைத்தேன். கடைசியில், "ஏன் மாமா அன்னைக்கே சொல்லல?" என்றேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு என்ன அருகதை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். ஒரு வாரம் இருந்தேன். அப்பறம் மாசமாயிருச்சு. அதுக்கு மேல நாஞ் சொன்னா, செஞ்சுட்டுப் பழியத் தூக்கி அவன் தலைல போடுறான்னு தான் பேசுவாக."

"கோவம் இல்லையா மாமா?"

"இருந்துச்சு. இப்ப மூச்சு விடுறதே பெரிய சோலியா இருக்கு. கோவத்துக்கு எங்க போறது."

தினகரனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சரி" என்றார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மறுநாள் ஏல மையத்து வாசல்வரை போனேன். தினகரன் இடது கையால் காயை அள்ளிப் பக்கத்திலிருந்த ஆளிடம் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வந்துவிட்டேன். நாலாம் நாள் பள்ளிவாசலில் அறிவித்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் தினகரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்துவான், அடிப்பான் என்று நினைத்தேன். ஒட்டிய விரல்களை மற்றக் கையால் தடவிக்கொண்டே கேட்டான். "பாயப் பாக்கக் கூடாதுன்னு ஒரு தடவ ரோட்டுல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேண்ணே. அவரு நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு" என்றான். பிறகு உள்ளே போய்விட்டான்.

அமீது பாய் வீட்டுக்கும் போனேன். அவர் மனைவி இத்தாவில், கணவரை இழந்தபின் தனித்திருக்கும் நாட்களில், இருப்பதால் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார். வாசலில் பர்வீன் நின்றாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பிறகு பர்வீன் சொன்னாள்: "கடைசி மூணு நாளும் அத்தா கேட்டுக்கிட்டே இருந்தாக. தினா தம்பி வந்தாப்லயா, வந்தாப்லயான்னு. எதுக்குக் கேக்குறாகன்னு எங்களுக்குத் தெரியல."

அவரை அறிந்தவர்களே, அவர் வேலையில் ஒரு குற்றமும் இல்லை. அவர் வைத்த ஃபியூஸ் தன் வேலையைச் செய்தது. அதைக் கெடுத்தவன் பாண்டியாகிய நான். இதை அவர் காது கேட்கச் சொல்ல எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கடைசி மூன்று நாட்கள்தான். படுக்கவும் முடியாமல் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தபடி, என் வார்த்தையை நம்பி, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.