கால் எடுத்தால் நிற்கும் சுத்தியல்

போன ஐப்பசி மழையில் ஒரு பட்டப்பகலில் என் வீட்டுக்காரரின் வலது கை பவர் ஹேமருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கர்த்தர் அதற்குப் பிறகு செய்ததை மூடி வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. விசுவாசக் குடும்பத்தாரான உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

என் பெயர் சுகந்தி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் டேவிட், ஊருக்கு வெளியே பாலாற்றுப் பக்கம் இருக்கும் காதர் பாய் பட்டறையில் பவர் ஹேமர் ஓட்டுகிறார். தோல் தொழிற்சாலைகளில் சுற்றும் பெரிய மர டிரம்களுக்குப் பட்டையும் போல்ட்டும் அடிப்பார்கள். கடப்பாரை, மண்வெட்டியும் உண்டு. காய்ந்து சிவந்த இரும்பைக் குறட்டில் பிடித்துக்கொண்டு அவர் நிற்பதைப் பார்த்தால், எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கும். அவரிடம் சொல்லமாட்டேன், தலைக்கேறிவிடும்.

அந்த ஹேமரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் சதா ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து சக்கரத்துக்கு ஒரு அகலமான பெல்ட் தொளதொளவென்று தொங்கும். காலால் பெடலை மிதித்தால் பெல்ட் இறுகிச் சக்கரம் சுற்றும், சுத்தியல் மேலும் கீழும் அடிக்கும். காலை எடுத்தால் பெல்ட் தளர்ந்து நின்றுவிடும். நிற்க வேண்டும். பெடலை மேலே தூக்கிப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்பிரிங்தான்.

அந்த ஸ்பிரிங்கின் நுனி எப்போதோ உடைந்துவிட்டது. மிச்சமிருந்தது பெடல் வரைக்கும் எட்டவில்லை. இவர் ஒரு நல்ல தடித்த தோல் வாரை எடுத்து இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார். எங்கள் ஊரில் எதற்கும் தோல்தான். கதவுக்குக் கீல் போனாலும் தோல், கட்டில் கால் ஆடினாலும் தோல். பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாரும் "ஐடியா மன்னன்யா நீ" என்று இவரைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். இவரும் அதை நம்பிவிட்டார்.

தோல் நனைந்தால் இழுத்த இழுப்புக்கு நீளும். இது எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? நனைந்த தோலை நாலு பக்கமும் இழுத்து மாட்டிக் காய வைத்துத்தானே ஊரே சோறு சாப்பிடுகிறது! ஆனால் பெடலில் கட்டிய வாரைப் பார்த்து ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அன்றைக்குக் கூரை ஒழுகி, காலையிலிருந்து அந்த வார்மேல் தண்ணீர் சொட்டியிருக்கிறது. வார் நீண்டு, பெடல் தானாகக் கீழே இறங்கியிருக்கிறது.

மோட்டாரை நிறுத்தாமல், இவர் குனிந்து, சுத்தியலுக்குக் கீழே இருக்கும் அடிக்கட்டையின் ஆப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பெல்ட் சத்தம் மாறியதைக் கேட்டுக் கையை இழுத்தார். முழுவதும் இழுக்க முடியவில்லை. மூன்று விரல்கள் உள்ளே நின்றுவிட்டன.

காதர் பாய் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். சுத்தியல் விரல்களின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. எந்தப் பக்கம் சக்கரத்தைச் சுற்றினால் மேலே போகும் என்று கூட்டத்தில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. என் வீட்டுக்காரரே பல்லைக் கடித்துக்கொண்டு, "பாய், உங்க பக்கம் சுத்துங்க, மெதுவா" என்று சொல்லியிருக்கிறார். பாய் இதைச் சொல்லும்போதெல்லாம் அழுதுவிடுவார். எனக்கும் இவருடைய தைரியத்தை நினைத்தால் இன்னும் மெய் சிலிர்க்கிறது.

பாயிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "தங்கச்சி, டேவிட்டுக்குக் கைல அடி. பேஜாராவாத. வேலூருக்கு இட்னு போறோம், நேரா அங்க வந்துடு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். எலும்பை ஒட்டவைத்திருக்கிறோம், ரத்த ஓட்டம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும், திரும்பாவிட்டால் விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். நான் அந்த நீளமான வராண்டாவில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழகாக ஜெபிக்க வரவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, அன்றைக்குக் கர்த்தரிடமே சண்டைக்குப் போனேன். ஆண்டவரே, அந்தக் கை யாரையாவது அடித்ததா? யாரிடமாவது பிடுங்கியதா? உழைத்த கைதானே! அதை ஏன் விட்டுக்கொடுத்தீர் என்று கேட்டேன். கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், கடைசியில் "அந்தக் கையைத் திருப்பிக் கொடும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டு மாற்றும்போது என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் ஒவ்வொரு நகமாக அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளுத்த நகத்தில் மெல்ல ரோஸ் நிறம் ஏறியது. மூன்றிலும் ஏறியது. "இருக்குதும்மா, உயிர் இருக்குது" என்றார் அவர். நான் அந்த இடத்திலேயே முழங்கால் போட்டேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஒரு ஸ்தோத்திரப் பலி செலுத்திவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் கை ஆறி, பயிற்சியெல்லாம் செய்து, குறட்டைப் பிடிக்கிற அளவுக்குப் பலம் வந்ததும் இவர் திரும்பவும் பட்டறைக்குப் போவேன் என்றார்.

"எந்த ஹேமருக்கு?" என்றேன்.

"இன்னா கேள்வி இது? அங்க இருக்கிறதே ஒண்ணுதான்."

"வேற வேல பாருங்க. நான் கும்பிட்டுக் கேட்டு வாங்கின வெரலு அது."

"எனக்குத் தெரிஞ்ச வேல அதாண்டி. வேற இன்னா பண்ணச் சொல்ற, வீட்டுல குந்திக்கினு உன் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கட்டுமா?"

சண்டை போட்டேன், அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். அவர் அசையவில்லை. அவரைப் போகவிடாமல் தடுத்துவிடும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். கர்த்தர் அந்த ஜெபத்தைக் கேட்கவில்லை. பட்டறையில் வேலை கொடுத்தவர்கள் காத்திருந்தார்கள், புது ஸ்பிரிங் ஒன்றை மாட்டிவிட்டு இவரும் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு எனக்கு ஒவ்வொரு நிமிடமும் நெஞ்சுக்குள் அந்தச் சுத்தியல் அடித்தது.

என் கம்பெனியில் நான் ஓட்டுவதும் அடிக்கிற மெஷின்தான். தோலின்மேல் அச்சை வைப்போம், மேலிருந்து தட்டு இறங்கி வெட்டும். ஆனால் அதற்கு இரண்டு பச்சை பட்டன்கள், இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் தட்டு இறங்கும். கை வெளியே இருந்தால்தான் மெஷின் வேலை செய்யும். நான் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் "கர்த்தாவே, அவர் கையைக் காத்துக்கொள்ளும்" என்று சொல்வேன். ஒரு தோலுக்கு எத்தனை வெட்டோ அத்தனை ஜெபம்.

ஒரு நாள் என் மெஷினில் ஒரு பட்டன் அழுத்தினால் மேலே வராமல் சிக்கிக்கொண்டது. மெயின்டனன்ஸ் இன்ஜினியர் நிஷா மேடம் வந்தார். வாலாஜாபேட்டைப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். பார்த்தார், மெஷினை அணைத்தார், பூட்டுப் போட்டுச் சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் வந்து குதித்தார். ஒரு பட்டனுக்காகவா லைனை நிறுத்துவது, இன்னொரு பட்டன் ஓடுகிறதே என்றார். "சரியாகுற வரைக்கும் இது ஓடாது சார்" என்றார் மேடம். குரலைக்கூட உயர்த்தவில்லை. அவர் கத்தக் கத்த, மேடம் பாட்டுக்குப் பட்டனைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. என் கைக்காக ஒருத்தி லைனையே நிறுத்துகிறாள், என் வீட்டுக்காரர் கைக்கு அப்படி யாருமில்லையே என்று நினைத்துவிட்டேன். மேடம் பயந்துபோய், "இன்னா ஆச்சுக்கா?" என்றார். எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "புது ஸ்பிரிங் மட்டும் பத்தாதுக்கா. ஞாயித்துக்கெழம பட்டறைய தெறந்து வைக்கச் சொல்லுங்க, நான் வந்து பாக்குறேன்" என்றார். தன் லீவு நாளை யார் இப்படிக் கொடுப்பார்கள்?

ஆராதனை முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனோம். என் மனதில் பெரிய யோசனை ஒன்று இருந்தது. ஹேமருக்கும் இரண்டு பட்டன் வைத்துவிட்டால் முடிந்தது! சொன்னேன். இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

"ரெண்டு கையும் பட்டன்ல வெச்சா, கொறட்ட யாரு புடிக்கிறது? நீ வந்து புடிக்கிறியா?"

நிஷா மேடமும் சிரித்தார். ஆனால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "அக்கா சொல்றதுல விஷயம் இருக்குதுண்ணா. பட்டன் வேணாம். ஆனா நீங்க கேக்காம சுத்தியல் எறங்கக்கூடாது. கால எடுத்தா அங்கேயே நிக்கணும். அவ்ளோதான் நமக்கு வேணும்" என்றார். பிறகு இவரைக் காய்ச்சாத பச்சை இரும்பு வைத்து வேலை செய்யச் சொல்லி, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கே குனிகிறார், எதற்குக் கையை விடுகிறார், கால் எங்கே போகிறது என்று எல்லாவற்றையும் கேட்டார். தன் வேலையைப் பற்றி இத்தனை கேள்வி யாரும் கேட்டதில்லை என்று இவர் குஷியாகிவிட்டார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் மேடமும் இவரும் பாயும் சேர்ந்து அந்த ஹேமரை மாற்றினார்கள். இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குக்குப் பதில், பெடலுக்கு அடியிலிருந்து தூக்கிப் பிடிக்கும் தடித்த ஸ்பிரிங் வந்தது. அது உடைந்தாலும் பெடல் கீழே விழாதாம். சக்கரத்துக்கு ஒரு பிரேக் வைத்தார்கள். கால் பெடலில் இருந்தால் பிரேக் விலகும், காலை எடுத்தால் பிடித்துக்கொள்ளும். பிரேக் கட்டைக்கு உள்ளே என்ன ஒட்டுவது என்ற பேச்சு வந்தபோது காதர் பாய் ஆசையாக, "நல்ல தோலா ஒண்ணு குடுக்கட்டா மேடம்?" என்றார். "பாய், தோல் மட்டும் வேணவே வேணாம்!" என்று மேடம் கையெடுத்துக் கும்பிட்டார். வேன்களுக்குப் போடும் பிரேக் லைனிங்கை வாங்கி ஒட்டினார்கள். பெடலைச் சுற்றி இரும்புத் தகட்டில் ஒரு கூடு வைத்தார்கள், கால் மட்டும்தான் உள்ளே போகும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அந்த முட்டுக்கட்டைதான். கையை உள்ளே விட வேண்டிய வேலை வந்தால், சுத்தியலுக்கு அடியில் நிறுத்த ஒரு கனமான இரும்புத் தூண். அதோடு மோட்டாரின் பிளக்கை ஒரு குட்டைச் சங்கிலியில் கோத்துவிட்டார் மேடம். தூணை எடுத்துச் சுத்தியலுக்கு அடியில் வைத்தால், பிளக்கும் கூடவே கழன்று வந்துவிடும். தூணைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தால்தான் பிளக் எட்டும். மறந்துபோய் மோட்டாரை ஓடவிட வழியே இல்லை. எவ்வளவு சின்ன யோசனை! நான் அந்தச் சங்கிலியைக் கையில் பிடித்துப் பார்த்து, "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். "நான் ஜெபமெல்லாம் பண்ணலக்கா, வேலைதான் பண்ணேன்" என்றார் மேடம். "நீங்க வேல பண்ணுங்க, ஜெபத்த நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மறுபடி மழை பிடித்தது. ஒரு மத்தியானம் இவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். இவர் முட்டுக்கட்டையை நிறுத்திவிட்டு, அதே இடத்தில் குனிந்து அதே ஆப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். கை சுத்தியலுக்கு அடியில் இருந்தது. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கடப்பாரை ஒன்று ஈரத்தில் வழுக்கி, நேராகப் பெடல் பக்கமாகப் போய் விழுந்தது. டணார் என்று சத்தம்.

கடப்பாரை தகட்டுக் கூட்டின்மேல் விழுந்து தரையில் உருண்டது. பெடல் அசையவில்லை. சுத்தியல் அசையவில்லை. என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆப்பை இன்னும் இரண்டு தட்டுத் தட்டி, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நிதானமாகக் கையை வெளியே எடுத்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "இன்னா கொழம்பு?" என்றார்.

நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். பயத்தில் அழவில்லை. அவரைப் போகவிடாதேயும் என்று நான் கேட்டதைக் கர்த்தர் ஏன் கொடுக்கவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவருக்குப் பிடித்த வேலையையும் பறிக்காமல், அவர் கையையும் காத்து, என் பயத்தையும் எடுத்துப் போட்டிருக்கிறார். நான் கேட்டது கம்மி. கர்த்தர் கொடுத்தது ஜாஸ்தி.

முன்பெல்லாம் இவர் சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது எனக்கு முன்பே கிளம்பி நிற்கிறார். கைகளை உயர்த்தித் துதிக்கும்போது வலது கையில் மோதிர விரல் முழுவதும் நிமிராது, பாதி வளைந்தே நிற்கும். அந்த விரலைப் பார்த்துக்கொண்டேதான் நான் ஸ்தோத்திரம் சொல்கிறேன். காதர் பாயும் தன் பட்டறையில் மற்ற மெஷின்களுக்கெல்லாம் கூடு போட்டுவிட்டார். நிஷா மேடத்துக்காக எங்கள் வீட்டில் தினமும் ஜெபம் உண்டு. அவருக்கு அது தெரியும், சிரித்துக்கொள்வார்.

இதைப் படிக்கிற அக்கா, தங்கச்சி, உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது காலையில் மெஷினுக்குக் கிளம்பிப் போகிறார்களா? அவர்கள் திரும்பி வரும் வரை நீங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? என் ஆண்டவர் உங்களுக்கும் ஆண்டவர்தான். அவரிடம் கேளுங்கள். தைரியமாக, சண்டை போட்டாவது கேளுங்கள். தனியாகக் கேட்கக் கஷ்டமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கூடவே முழங்கால் போடுகிறேன். ஆமென் சொல்லி எழுந்ததும், இருவருமாகப் போய் அந்தப் பெடலைப் பார்த்துவிட்டு வருவோம்.