பாதியில் பூட்டிய இட்லிக் கடை

தொழில் முன்னேற்றப் புத்தகங்களை ஒலிப்புத்தகமாக வாசித்துக் கொடுப்பது என் வேலை. அருப்புக்கோட்டையில் வீட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன். யார் கேட்கிறார்கள் என்று யோசித்ததே இல்லை.

அன்று பாலவனத்தத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். டிரைவரின் செல்போனில் என் குரல் ஓடிக்கொண்டிருந்தது! கதையில், கணவனை இழந்த ஒருத்தி இட்லிக் கடை போடுகிறாள். எதிரிலேயே பெரிய ஹோட்டல் வந்துவிடுகிறது. பக்கத்தில் வத்தல் மூட்டையோடு உட்கார்ந்திருந்த அக்கா, பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"ஒருநாள் அவள் கடையைப் பூட்டிவிட்டாள்" என்றது என் குரல். அடுத்த நொடியே, "இதிலிருந்து நாம் கற்கவேண்டிய ஐந்து பாடங்கள்..."

அக்கா கொதித்துவிட்டார். "ஏப்பா, அவ மறுபடி கடையத் தொறந்தாளா இல்லையா?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாகக்கா. பாடம் மட்டுந்தேன்" என்றார் டிரைவர்.

"பெறகு என்னத்துக்குக் கதைய ஆரம்பிச்சாக? கேக்குறவுகளுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

எனக்கும் ரத்தம் கொதித்தது. அவள் மறுபடி கடை திறந்த இடத்தை ஆசை ஆசையாக வாசித்திருந்தேன். நீளம் அதிகம் என்று பதிப்பகத்தார் அதைத்தான் வெட்டினார்கள். யாருக்கும் வேண்டாத பாடங்களில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை!

"தொறந்துட்டாக்கா. நான் முழுசா வாசிச்சேன், அவுகதான் வெட்டிட்டாக" என்றேன்.

குரலை அடையாளம் கண்டு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏத்தா, அவுக வெட்டுனா நீ வாயப் பொத்திக்கிட்டா இருந்த?"

வாயைப் பொத்திக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பதிப்பகத்தாரிடம் "சரிங்க சார்" என்று சொல்லியிருந்தேன்.