ஆடிட்டுக்கு வந்த பிள்ளை

பிரசவ லீவு முடிந்து மேகலா வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, அவளுடைய மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

எங்களுடையது ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனி. நாலாவது லைனில் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற மெஷின் அது. தோலை வளைத்துக்கொண்டே ஊசியை ஓட்ட வேண்டும். தோலில் ஊசி தப்பான இடத்தில் இறங்கினால் அந்த ஓட்டை மறையாது, பீஸ் வீண். மேகலா அந்த மெஷினில் ஆறு வருஷம் உட்கார்ந்தவள். அவள் தைத்ததைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. ஆறு வருஷத்தில் நான் அவளிடம் திருப்பி அனுப்பிய பீஸ்களை விரல்விட்டுச் சொல்லிவிடலாம். அப்படிப்பட்டவளைப் பார்த்து சூப்பர்வைசர் இன்பராஜ் சொன்னான்:

"டேபிளுக்குப் போம்மா. ஆறு மாசத்துல கை டச் வுட்டுப் போயிருக்கும். கொஞ்ச நாள் சொல்யூஷன் அடி, அப்பறம் பாக்கலாம்."

சொல்யூஷன் என்றால் தோலை ஒட்டுகிற பசை. நாள் முழுக்க நின்றுகொண்டே பிரஷ்ஷால் தடவ வேண்டும். புதிதாகச் சேர்கிற பெண்களுக்குக் கொடுக்கிற வேலை. அதன் நெடி ஏறிவிட்டால் மத்தியானம் சோறு இறங்காது. பால் கொடுக்கிறவளை அங்கே நிறுத்த ஒருத்தனுக்கு எப்படி மனசு வரும்? வந்தது. அவள் என்னவோ ஆறு மாசம் அமிர்தி அருவியில் குளித்துவிட்டு வந்த மாதிரிதான் பேசினான்.

மேகலா பிறந்தது கணியம்பாடிப் பக்கம் ஒரு ஊரில். சொந்த நிலம் கிடையாது. அம்மா இன்றைக்கும் களை எடுக்கக் கூலிக்குப் போகிறாள். பன்னிரண்டாவது முடித்ததும் இங்கே சேர்ந்தாள். ஜாஸ்தி பேசமாட்டாள். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவளுக்கு இறங்கும். கட்டிக்கொடுத்தது மாதனூர் பக்கம். புருஷன் பூவரசன் லோடு வண்டி ஓட்டுகிறவன், வாரத்தில் நாலு நாள் ஊரில் இருக்கமாட்டான். மாமியார் தோல் பதனிடுகிற இடத்துக்கு வேலைக்குப் போகிறவள். எல்லார் வீட்டிலும் பிள்ளை பார்க்க, மாமியாரோ அம்மாவோ, ஒரு ஆயா சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று எங்கள் ஆபீஸில் ஒரு நினைப்பு. எங்கள் ஊர் ஆயாக்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள் ஐயா. கொஞ்சம் வந்து பாருங்கள்.

ஆக, அஞ்சரை மாசப் பெண் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். குழந்தை பாட்டிலை வாயில் வைத்தாலே துப்பியது. கம்பெனி பஸ் காலை ஏழு மணிக்கு, வீடு திரும்ப ராத்திரி ஏழு. பதினொரு மணிக்கெல்லாம் மேகலாவின் யூனிஃபார்ம் கோட் முன்பக்கம் நனைந்துவிடும். பாத்ரூம் போக எங்கள் லைனுக்கு ஒரே டோக்கன். ஒருத்தி திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள் போக முடியும். அவள் டோக்கனை வாங்கிக்கொண்டு போவாள், பத்து நிமிஷம் ஆகும். இன்பராஜ் கடிகாரத்தைப் பார்ப்பான்.

மூன்றாம் நாள் நான் பின்னாலேயே போனேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பாலைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடி இது," என்றேன்.

"கட்டிக்கினா வலி தாங்கலக்கா. காய்ச்சல் வேற வருது."

அங்கே பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருக்கிறது, இங்கே அதன் பால் கக்கூஸில் போகிறது. இதைப் பார்த்த பிறகும் எனக்குப் பொறுமை இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர்கள் பால் கட்டிய மாருடன் ஒரு ஷிப்டு நின்று பார்க்கட்டும்.

இத்தனைக்கும் எங்கள் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. கேன்டீனுக்குப் பின்னால், சுவரில் முயலும் யானையும் வரைந்த அறை. மூன்று தொட்டில், பாய், பொம்மை, கொசுவலை எல்லாம் உண்டு. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் இது இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது. நாங்கள் தொள்ளாயிரம் பேர். ஆனால் அறைக்குப் பூட்டு. சாவி செக்யூரிட்டியிடம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ரிஜிஸ்டரில் ஒரு ஆயாவும் உண்டு, பெயர் அன்வரி பேகம். அந்த அம்மா வருஷம் பூராவும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவில் நூல் வெட்டுகிறாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் கம்பெனியில் அதுவும் ஆடிட்டுக்கு உதவும்.

ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிப்பதுதான் ஆடிட். அன்றைக்கு பாத்ரூமில் சோப்பு இருக்கும். முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கும். அன்வரியம்மா ரோஸ் கலர் கோட்டு போட்டுக்கொண்டு ஆயா ஆகிவிடுவாள். எச்ஆர் ஆபீசர் ஜான்சன் நாலைந்து பெண்களைக் கூப்பிட்டு, நாளைக்குப் பிள்ளையை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பார். பிள்ளைகள் ஒரு நாள் தொட்டிலில் ஆடிவிட்டு, பிஸ்கட் தின்றுவிட்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போகும். ஆடிட் பிள்ளை என்றே நாங்கள் சொல்லுவோம். என் சின்னவன் ஒரு வயசில் ஆடிட் பிள்ளையாகப் போனவன். இப்போது அஞ்சாவது படிக்கிறான். போட்டோ இன்னும் அந்த அறைச் சுவரில் தொங்குகிறது.

என்னையும் விட்டுவைக்கவில்லை. தொழிலாளர் கமிட்டி என்று ஒரு லிஸ்டு ஒட்டியிருக்கிறார்கள். அதில் பாக்யலட்சுமி என்று என் பெயர் இருக்கிறது. கமிட்டி ஒரு நாளாவது கூடியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

மேகலா வந்த ஆறாவது வாரம் ஆடிட் வந்தது. இந்தத் தடவை வருகிறவர்கள் கறாரானவர்கள் என்று பேச்சு. அதனால் ஜான்சன் முன்ஜாக்கிரதையாக ஒரு நோட்டீஸ் அடித்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து போர்டில் பின் குத்தி மாட்டினார். 'இன்று முதல் குழந்தைகள் காப்பகம் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை செயல்படும். தாய்மார்கள் தங்கள் குழந்தைகளை அழைத்து வரலாம்.' அது ஆடிட்டர் கண்ணுக்காக எழுதியது. அதை எங்களில் யாரும் படிக்கமாட்டோம், படித்தாலும் நம்பமாட்டோம் என்று அவருக்கு அவ்வளவு தைரியம்.

அன்றைக்கு ஜான்சன் கூப்பிட்ட பெண்களில் ஒருத்தியாக மேகலா பிள்ளையோடு வந்தாள். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் மூன்றரைக்கும் போய்ப் பால் கொடுத்தாள். கோட் நனையவில்லை. ஆடிட்டுக்கு வந்த அம்மா தொட்டிலருகே நின்று, மொழிபெயர்க்க ஒரு ஆளை வைத்துக்கொண்டு, தினமும் பிள்ளையைக் கொண்டு வருகிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லச் சொல்லித்தான் எங்களுக்குப் பாடம்.

"இன்னைல இருந்து," என்றாள் மேகலா. "நோட்டீஸ் போட்டிருக்காங்க."

அந்த அம்மா மேகலாவின் பெயரையும் அந்தப் பதிலையும் எழுதிக்கொண்டாள். ஜான்சன் சிரித்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறும்போது மேகலாவின் இடுப்பில் பிள்ளை. பஸ்ஸே அவளைத் திரும்பிப் பார்த்தது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஆரோக்கியசாமி கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஆடிட்தான் நேத்தே முடிஞ்சிட்ச்சேம்மா. பிள்ளையை எதுக்குத் தூக்கினு வந்த?"

"நோட்டீஸ்ல இன்னைக்கு மட்டும்னு போடலியேண்ணா."

"அது சும்மாம்மா. உனக்குத் தெரியாதா?"

"எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. சும்மான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் குரல் இறங்கியிருந்தது. நான் நேராகப் போர்டுக்குப் போய் நோட்டீஸைப் பிய்த்தேன். நாலு மூலையிலும் பின் குத்தியிருந்தார்கள், ஒரு மூலை கிழிந்துபோனது. கிழியட்டும். அதைக் கொண்டுவந்து கேட்டில் நீட்டினேன். ஆரோக்கியசாமி பாவம், நல்ல மனிதர். சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாரே தவிர கொடுக்கவில்லை. போன் பண்ணினார். மேகலாவை மேலே வரச் சொன்னார் ஜான்சன். நானும் போனேன்.

"நீங்க எதுக்கு?" என்றார் என்னைப் பார்த்து.

"கமிட்டி மெம்பர் சார். லிஸ்ட்ல பாருங்க."

அவர் மேகலாவை உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், பேச்சில் மரியாதை உண்டு. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். திட்டுகிறவனிடம் திருப்பித் திட்டலாம். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிறவனை என்ன செய்வது?

"பாரும்மா, உனக்கும் கஷ்டம், எங்களுக்கும் பேஜார். பிள்ளை கொஞ்சம் பெருசாகட்டும். ரெண்டு வருஷம் கழிச்சு வா, நானே எடுத்துக்கறேன்." டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். தயாராக அச்சடித்து வைத்திருந்த தாள். பெயரும் தேதியும் மட்டும் காலி. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் தொடர்ந்து பணிபுரிய இயலாததால் என் வேலையை ராஜினாமா செய்கிறேன்.'

அந்த வரி எனக்கு மனப்பாடம். பெரியவன் பிறந்தபோது ஒரு தடவை, சின்னவன் பிறந்தபோது ஒரு தடவை, ஜான்சனுக்கு முன்னால் இருந்த ஆபீசர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டவள் நான். இரண்டு தடவையும் திரும்பி வந்து புது ஆளாகச் சேர்ந்து, பதினெட்டு வயசுப் பெண்களோடு நின்று சொல்யூஷன் அடித்தேன். பத்தொன்பது வயசில் இந்த கேட்டுக்குள் நுழைந்தவள். இப்போது நாற்பத்து மூன்று. என் சர்வீஸ் ஒன்பது வருஷம் என்கிறது ரிஜிஸ்டர். என் குடும்பத்தில் என்ன சூழ்நிலை இருந்தது? வேலைக்குப் போகாதே என்று என் புருஷன் சொன்னதில்லை, மாமியார் சொன்னதில்லை. பிள்ளை பசித்தது, அவ்வளவுதான். பிள்ளைக்குப் பசிப்பது எப்படி ஐயா குடும்பச் சூழ்நிலை ஆகும்? அறையைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டது என் குடும்பமா?

இதையெல்லாம் அப்போது நான் சொல்லவில்லை. இவளும் போட்டுவிடுவாளோ என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேகலா பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். தாளை இரண்டு தடவை படித்தாள். மேஜையில் இருந்த பேனாவை எடுத்து 'குடும்பச்' என்கிற வார்த்தையை ஒரே கோடாக அடித்தாள். அதற்கு மேலே 'கம்பெனிச்' என்று எழுதினாள். அவள் கையெழுத்து அவள் தையல் மாதிரி, கோணாது. அடியில் இன்னும் இரண்டு வரி எழுதினாள். என் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். காப்பக அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் போட்டு நீட்டினாள்.

"வாங்கிக்கினேன்னு சீல் போட்டு எனக்கு ஒரு ஜெராக்ஸ் குடுங்க சார்."

ஜான்சன் படித்தார். முகம் கறுத்துப்போனது. முந்தின நாள் ஆடிட்டர் எழுதிக்கொண்டு போன பெயர் இது. இந்தப் பெயரில் இப்படியொரு லெட்டர் ஃபைலில் இருந்தால் அடுத்த தடவை என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"இப்படி எழுதினா எப்படிம்மா வாங்கறது?"

"நடந்ததுதான சார் எழுதியிருக்கேன்."

"இதை வாங்க முடியாது."

"அப்ப நான் வேலையிலதான சார் இருக்கேன்?"

ஜான்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேகலா எழுந்து பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எந்த வேலை சார்? மெஷினா, டேபிளா?"

அவர் போனை எடுத்தார். முதலில் இன்பராஜ், பிறகு ஆரோக்கியசாமி. ஒன்பது மணிக்கு அறை திறந்தது, ரோஸ் கோட்டு இல்லாமலே அன்வரியம்மா அதற்குள் போனாள். பத்து மணிக்கு மேகலா தன் மெஷினில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் விஷயம். ஒரு சாவியைத் திருப்பவும் ஒருத்தியை அவள் இடத்தில் உட்காரவைக்கவும் ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. இதற்காக எத்தனை பேர் வேலையை விட்டுப் போனோம்.

மறுவாரம் ஏழு பிள்ளைகள் வந்தன. லைனில் எல்லோரும் மேகலாவைக் கொண்டாடினார்கள். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபம் இறங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருந்தது. தனியாக ஜான்சன் அறைக்குப் போனேன்.

"சார், என்னோட பழைய ராஜினாமா லெட்டர் ரெண்டு இருக்கும். எடுத்துக் குடுங்க."

"அதெல்லாம் எந்தக் காலத்து ஃபைலு. இப்ப எதுக்கு?"

"ரெண்டுலயும் ஒரு வார்த்தை தப்பா இருக்கு. திருத்திட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

அவர் சிரித்தார். பழைய ஃபைல் எல்லாம் குடோனில் கிடக்கிறது, பாதியைக் கரையான் தின்றிருக்கும், தேட ஆளில்லை என்றார். நான் சிரிக்கவில்லை. குடோன் சாவியைக் கொடுங்கள், நானே தேடிக்கொள்கிறேன் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.