அம்மனுக்கு எதிரே கட்டிய குழாய்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், வயல்காட்டை ஒட்டிய ஓர் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. நான் வில்லுப்பாட்டில் தலைமை பாடுகிறவள். என் கணவர் குடம் அடிப்பார். முந்தின நாள் ராதாபுரம் பக்கம் பாடிவிட்டு வரும் வழியில், வெயில் தாங்காமல் பஸ் ஸ்டாண்டில் ஐஸ் போட்ட சர்பத்தை மடக் மடக்கென்று குடித்துத் தொலைத்தேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் யார் பேச்சைக் கேட்டேன்? கோயில் வாசலில் இறங்கும்போது குரலுக்குப் பதில் வெறும் காற்றுதான் வந்தது.

அன்று மதியக் கொடை. அம்மன் பிறக்கிற கதையைப் பாடும்போதுதான் கோமரத்தாடிக்கு அருள் வரும். சாமியாடுகிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கதை பாதியில் நின்றால் கொடையே குறைபட்டுப் போகும். வெற்றிலை பாக்கு வாங்கி ஒப்புக்கொண்ட பிறகு பாடாமல் போன வில்லுப்பாட்டுச் செட்டை அதற்குப் பிறகு எந்த ஊரும் கூப்பிடாது.

கோயில் கமிட்டிப் பெரியவருக்கு என் பேச்சைக் கேட்டதுமே முகம் சுருங்கிவிட்டது.

"என்னம்மா, தொண்டை இப்படிக் கெடக்கு? பக்கத்தூர்ல ஒரு செட்டு இருக்கு. ஆள் அனுப்பட்டா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் இன்னும் வில்லையே தொடலையே அண்ணாச்சி" என்றேன். அந்தக் கோபமும் காற்றாகத்தான் வெளியே போனது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் அந்த ஊர் மைக்செட்காரர். என் வயதுதான் இருக்கும், முன்பின் பார்த்ததில்லை. பையிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். உள்ளே பேட்டரி, வெளியே ஒரு திருகு. பிரீஆம்ப் என்றார். கொடைப் பாட்டுகளைக் கேசட்டில் பிடிப்பதற்காக அவரே செய்ததாம். மைக்கில் விழுகிற சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புமாம்.

"மைக்கு பக்கத்துல உக்காந்து பைய பாடுங்க அக்கா. மிச்சத்தை இது பாத்துக்கிடும்."

பெட்டியை மைக்கடியில் மாட்டித் திருகினார். நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், ஊரே காதைப் பொத்துகிற மாதிரி ஓர் ஊளை. மறுபடி முயன்றோம், மறுபடியும் ஊளைதான். அவர் எனக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தைக் காட்டினார். அம்மனைப் பார்த்துக் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர், என் தலைக்கு மேலேயே மைக்குக்குள் சத்தத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"அதைத் திருப்பணும்" என்றார்.

பெரியவர் குதித்தார். "சாமியப் பாத்துக் கட்டுன குழாயத் திருப்பவா? அவ கேக்க வேண்டாமாவே?" அந்த ஊர் வழக்கம் அது. முதல் குழாய் அம்மனுக்கு, மற்றதெல்லாம் பிறகுதான். மைக்செட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அந்த ஊரில்தானே பிழைக்க வேண்டும்.

எங்கிருந்துதான் எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ! எழுந்து போய்ப் பெரியவர் காதருகில் நின்றேன்.

"அண்ணாச்சி, அவளுக்கு எதிர்க்கதான் உக்காந்திருக்கேன். நான் மனசுக்குள்ள பாடுனாலே அவளுக்குக் கேக்கும். கேக்காதது உங்களுக்குத்தான்."

அவர் என்னைப் பார்த்தார், அம்மன் முன்னால் நின்ற கோமரத்தாடியைப் பார்த்தார். கோமரத்தாடி மெல்லத் தலையசைத்தார். அடுத்த நிமிடம் மைக்செட்காரர் மரத்தில் இருந்தார். குழாய் தெருப்பக்கம் திரும்பியது.

வீசுகோலை எடுத்து வில்லைத் தட்டினேன். என் கணவர் குடத்தை விரல் நுனியால் அடித்தார். குழந்தையிடம் கதை சொல்கிற குரலில் பாடினேன். தெருவில் இருந்தவர்களுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. கோயிலுக்குள் இருந்தவர்களுக்கோ என் வெறும் குரல் மட்டும்தான். அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மேளக்காரர் கோலைக் கீழே வைத்துவிட்டார். எனக்குள் ஒரே பயம், கோமரத்தாடிக்குக் கேட்குமா?

அம்மன் பிறந்தாள் என்ற அடியைப் பாடியபோது பெண்கள் குலவையிட்டார்கள். கோமரத்தாடியின் கால் சலங்கை குலுங்கியது. எனக்குக் கண்ணீர் கொட்டியது, ஆனாலும் பாட்டை விடவில்லை.

அடுத்த கொடைக்கான வெற்றிலையைப் பெரியவர் அங்கேயே கொடுத்தார். அன்றைய பாட்டைப் பிடித்து மைக்செட்காரர் தந்த கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாலு ஊருக்குக் கேட்க உச்சத்தில் பாடிய நாட்கள் எத்தனையோ இருந்தாலும், எனக்காக ஓர் ஊரே மூச்சை அடக்கிக் கேட்ட அந்த மதியத்தை நினைத்துத்தான் இன்றும் வில்லின் முன்னால் உட்காருகிறேன்.