மூஞ்சி இல்லாத விண்வெளி வீரன்

படங்களில் பழிவாங்குகிறவர்களுக்கு வசதி அதிகம். துப்பாக்கி இருக்கும், நேரம் பார்த்து மழை பெய்யும், பின்னால் ஒரு கூட்டமே வயலின் வாசிக்கும். எனக்கு இருந்தது அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டிங் மெஷின். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் மனிதர்களைப் பெரிதாக்கித் தருவது என் தொழில். மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் விட்டுவிட்டுப் போக முடியாது. ஷீட் கொஞ்சம் கோணிக்கொண்டாலும் மாப்பிள்ளையின் மூக்கு மாமனார் தலையில் போய் விழுந்துவிடும். அப்படிக் காவல் உட்கார்ந்திருக்கும் மதியங்களில்தான் படம் பார்க்கப் பழகினேன். விண்கலமும் கால இயந்திரமும் வருகிற அறிவியல் படங்கள் பிடிக்கும். ஆணும் ஆணும் காதலிக்கிற படங்கள் பிடிக்கும். நான் ஆணை விரும்புகிற ஆண். இந்த வாக்கியத்தை இப்படி நேராக எழுத எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

இரண்டு வகைப் படங்களைப் பற்றியும் எனக்குக் கடுமையான அபிப்பிராயங்கள் உண்டு. யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வேற்றுக்கிரகத்துக்காரர்கள் எப்போதும் பெரிய நகரத்தில்தான் இறங்குவார்கள். ஜெயங்கொண்டம் ரோட்டில் ஒரு கப்பல்கூட இறங்கியதில்லை. இறங்கியிருந்தால், "எந்த ஊருங்க, யாரு வூட்டுக்கு வந்தீங்க" என்று கேட்டே எங்கள் ஆட்கள் துரத்தியிருப்பார்கள். அப்புறம், இரும்பில் செய்த பெண்ணை ஒருவன் காதலித்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் உருகி அழுகிறார்கள். அந்த இரும்புக்கு ஓர் ஆண் குரலைக் கொடுத்துப் பாருங்கள், அழுகையின் லட்சணம் தெரியும்.

ஆண்கள் காதலிக்கிற படங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் அதிகம். முக்கால்வாசிப் படங்களில் ஒருவன் செத்துப்போவான். மீதியில் ஒருவன் கல்யாணம் செய்துகொள்வான், மற்றவன் கடற்கரையில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தக் கடற்கரை ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். அது சுண்ணாம்புக்கல்லாகி, லாரி ஏறி, சிமெண்ட் ஆலைக்குப் போய்விட்டது. நான் எங்கே போய் நிற்பது?

அவர்கள் வீட்டுக்கெல்லாம் கண்ணாடிச் சுவர். எவனும் வாடகைக்கு வீடு கேட்டு அலைவதில்லை, எவனும் துணி துவைப்பதில்லை. தமிழில் குரல் கொடுத்து வருகிற படங்கள் இன்னொரு கொடுமை. இரண்டு பேர் கண்ணீரோடு முத்தமிட்டுக்கொள்வார்கள், பின்னால் ஒரு கம்பீரக் குரல், "நீ என் உயிர் நண்பன்" என்று சொல்லும். நம் ஊர்ப் படங்களைக் கேட்கவே வேண்டாம். கையைக் காலை ஆட்டி நடக்கிற ஒருத்தனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், கதாநாயகன் அவனை ஓர் அறை விடுவான், தியேட்டர் சிரிக்கும். பக்கத்து சீட்டுக்காரனின் தோள் அந்தச் சிரிப்பில் குலுங்கி என் தோளில் இடித்திருக்கிறது. நானும் சிரித்திருக்கிறேன்.

நான் பழிவாங்கியவன் என் கடைக்கு முதலில் வந்தது தங்கச்சி கல்யாண பேனருக்காக. சொந்த ஊர் உடையார்பாளையம், முந்திரிக்காடு இருக்கிற குடும்பம். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீசியன் வேலை. பேனர் அடித்து முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்த விண்கலப் படத்தில் பாதியைப் பார்த்தான். மீதியைப் பார்க்க மறுவாரம் வந்தான். அப்புறம் ஷிப்ட் இல்லாத மதியமெல்லாம் வந்தான். புருவத்தில் சிமெண்ட் தூசியோடு வருவான், நான் துண்டை எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள் துண்டைக் கொடுக்காமல் நானே துடைத்துவிட்டேன். அவன் கையைத் தட்டிவிடவில்லை.

அவனோடு சில வருஷம் படம் பார்த்தேன். அது ஒரு ரோதனை. வானத்தில் ஒரு துளை விழும், அதற்குள் ஒருத்தன் புகுந்து இன்னொரு காலத்தில் போய் இறங்குவான். இவன் தலையை ஆட்டி, "சான்ஸ் இருக்குடா, நடக்கும்" என்பான். அடுத்து நான் என் படத்தைப் போடுவேன். இரண்டு ஆண்கள் ஒரு சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டே சண்டை போடுவார்கள். "இதெல்லாம் படத்துலதான்டா நடக்கும்" என்பான். என் தோளில் சாய்ந்துகொண்டுதான் சொல்வான்.

"ஒளியாண்டு தாண்டிப் போறத நம்புற. ரெண்டு பேரு வெங்காயம் அரியறத நம்ப மாட்டியா?"

"அதுக்கு விஞ்ஞானம் இருக்குடா. இதுக்கு என்னா இருக்கு?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

நம்ப வைத்துவிடலாம் என்று பெரம்பலூரில் வீடு பார்த்தேன். அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. மாடி போர்ஷன், சின்ன சமையலறை. கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா, "ரெண்டு பேரும் ஒரே ஆபீஸா?" என்றார்கள். "ஆமாங்க" என்றேன். "மேல கொடி கட்டிக்குங்க தம்பி, துணி காயப்போட வெயில் நல்லா வுழும்" என்றார்கள். அவ்வளவுதான் விசாரணை. எனக்கு உள்ளுக்குள் ஒரு குதியாட்டம். அவன் சமையலறை வாசலில் நின்று மேடையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். குழாயைத் திறந்து மூடினான். பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தான். அரியலூர் பஸ் கிளம்பும்போது படியில் ஏறிக்கொண்டு, "இதெல்லாம் படத்துலதான்டா" என்றான். நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன். அதற்கு முன்பே வாங்கி வைத்திருந்த குக்கர் இன்றும் பெட்டி பிரிக்காமல் பரண்மேல் கிடக்கிறது.

மாதக்கணக்கில் பேச்சில்லை. பிறகு ஒருநாள் காலையில் போன் வந்தது.

"எனக்குக் கல்யாணம்டா. பசங்க பேனர் அடிக்க உன் கடைக்குத்தான் வருவானுங்க. போட்டோ ஒண்ணு அனுப்பியிருக்கேன், அதப் போடு."

"சரி."

"உன் போட்டோ வேணாம்."

எங்கள் பக்கத்துக் கல்யாண பேனர் தெரியாதவர்களுக்கு இதன் காரம் புரியாது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் சேர்ந்து சினிமா போஸ்டர் மாதிரி ஒன்று அடித்து மண்டப வாசலில் கட்டுவார்கள். கீழே வரிசையாக அவர்கள் முகங்கள். யார் முகம் பெரிசு, யார் முகம் ஓரம் என்று அதற்கே சண்டை வரும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன், டீக்கடையில் சிகரெட் பற்றவைத்துக் கொடுத்தவன் எல்லாம் அதில் இருப்பான். இத்தனை வருஷத்துக்கு, அந்த வரிசையின் கடைசி மூலையில் தபால்தலை அளவு இடம்கூட எனக்குக் கிடையாது என்கிறான். காதலன் என்று போடச் சொல்லி யார் கேட்டது? நண்பன் என்ற பொய்யைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறான்.

"ஏன்?" என்றேன்.

"பொண்ணு வூட்டுல எதாவது கேப்பாங்க. வுடுடா" என்று வைத்துவிட்டான்.

அனுப்பிய போட்டோவைத் திறந்தேன். ரஞ்சன்குடிக் கோட்டையின் மேல் எடுத்தது. வெளியிடத்தில் நாங்கள் சேர்ந்து நின்ற ஒரே படம். அதில் என்னை வெட்டியிருந்தான். அவசரத்தில் வெட்டியிருக்கிறான், என் நாலு விரல்கள் அவன் தோளிலேயே இருந்தன. அவற்றை நான்தான் அழித்துத் தர வேண்டும் என்று எனக்கே அனுப்பியிருக்கிறான். வேண்டாத ஆட்களை அழிப்பது எனக்குத் தினசரி வேலை. பிரிந்துபோன மருமகள், சண்டைக்காரச் சித்தப்பா என்று எத்தனையோ பேரைத் துடைத்துவிட்டுப் பின்னால் தென்னை மரம் வைத்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கை ஓடவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

என் போனில் நாங்கள் தனியாக இருந்தபோது எடுத்த வேறு படங்கள் இருந்தன. அவனுக்கு வரப்போகிற மாமனார் நம்பர் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அதை நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அப்படிச் செய்தால் ஊர் என்னை வில்லன் என்னும், அவன் பாவப்பட்டவன் ஆகிவிடுவான். அந்தச் சலுகையை அவனுக்குத் தர எனக்கு மனமில்லை.

சிநேகிதர்கள் வந்தார்கள். "மாப்புளைக்கு ராக்கெட் படம்னா உசுரு. அந்த மாதிரி எதாவது போடுங்கண்ணே, அவனுக்குச் சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றார்கள். கரும்பு தின்னக் கூலியும் கொடுத்தது போல ஆயிற்று. பின்னால் கருநீல வானம், சனிக்கிரகம், விண்கலம். நடுவில் பட்டு வேட்டியில் அவனும் பட்டுப்புடவையில் அந்தப் பெண்ணும். சுற்றிலும் சிநேகிதர்கள், எல்லோருக்கும் விண்வெளி உடுப்பு, தலைக்கவசக் கண்ணாடிக்குள் அவரவர் முகம். என் விரல்களை நான் அழிக்கவில்லை. அவற்றுக்கு ஒரு வெள்ளைக் கையுறை போட்டேன். கையுறைக்கு ஒரு கை வரைந்தேன், கைக்கு ஓர் ஆள். மாப்பிள்ளைக்குப் பின்னால், தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற விண்வெளி வீரன். தலைக்கவசத்துக்குள் முகம் வைக்கவில்லை. கண்ணாடி மட்டும், கருப்பாக.

மாதிரியைப் போனில் அனுப்பினேன். அவரவர் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "செம" என்று பதில் போட்டார்கள். முகமில்லாதவனை ஒருத்தனும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் பக்கம் விசேஷம் முடிந்தால் ஃப்ளெக்ஸைத் தூக்கிப்போடுகிற வழக்கம் கிடையாது. பிரித்துக் கொண்டுபோய் வைக்கோல்போர் மூடுவார்கள், குளிக்கிற இடத்துக்கு மறைப்புக் கட்டுவார்கள். எத்தனையோ மாப்பிள்ளைகள் மாட்டுக்கொட்டகையில் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சாதா ஷீட் இரண்டு கோடை தாங்காது, நைந்துவிடும். அவனுடையதை இருப்பதிலேயே தடியான ஷீட்டில் அடித்தேன்.

கல்யாணத்தன்று காலையில் நானே போய் மண்டப வாசலில் கட்டினேன். கட்டிவிட்டு அங்கேயே நின்றேன். வருகிறவர்கள் எல்லாம் முகங்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்தக் கருப்புக் கண்ணாடியிடம் வந்து நின்றார்கள். "இது யாருப்பா, மூஞ்சி இல்லாம?" "ஃபாரின்ல இருக்கானோ?" ஒரு பெரியவர் என்னிடமே, "எறந்துட்டாருங்களா தம்பி?" என்று கேட்டார். "தெரியலீங்க, மாப்புளையக் கேளுங்க" என்றேன். போகிறவர்களுக்கெல்லாம் அதையே சொல்லி அனுப்பினேன். மேடையில் மாலையோடு நின்றவனிடம் ஒவ்வொருவராகக் குனிந்து கேட்பதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பந்தியில் வடை நன்றாக இருந்தது, இரண்டாவது கேட்டு வாங்கினேன்.

கை கழுவுகிற இடத்தில் பிடித்துக்கொண்டான். முகம் வெளிறியிருந்தது. "ஏன்டா இப்புடிப் பண்ணுன?"

"நீ சொன்னதத்தான் செஞ்சேன். என் போட்டோ எங்கயாவது இருக்கா பாரு."

யாரோ, "மாப்ள" என்று கூப்பிட, போய்விட்டான்.

போன கோடையில் அவன் மகளுக்குக் காதுகுத்து. பேனர் அடிக்க அவன் மனைவிதான் போன் செய்தாள். பாப்பாவின் போட்டோ சரியாக வரவில்லை, வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்றாள். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். நானே போனேன்.

வாசலில் முந்திரிக்கொட்டை காயப்போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் குவித்து, மழைக்கு மூடி வைத்திருந்தார்கள். மூடியிருந்தது என் ஷீட். சாயம்கூடப் போகவில்லை. பாதியாக வெட்டியிருந்ததில் மாப்பிள்ளையும் பெண்ணும் எந்தப் பக்கம் போனார்களோ தெரியாது. தெருவைப் பார்த்துக்கொண்டு அந்த விண்வெளி வீரன் மட்டும் இருந்தான், வெள்ளை உடுப்பும் கருப்புக் கண்ணாடியும். கையுறையின் அடியில் ஒரு துண்டுத் தோள் ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து அந்தத் தோளைத் தொட்டேன். சந்தோஷத்தில்தான் தொட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். இடுப்பில் குழந்தை. "அண்ணே, பாப்பா இதப் பாத்துதாண்ணே சோறு திங்குது. மாமா, மாமாங்குது" என்று சிரித்தாள். அவன் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றான். தலையில் லேசாக நரை. என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது போல் மெல்லத் தலையை அசைத்தான். கெஞ்சுகிற கண். அந்தக் கண்ணைத்தான் அன்றைக்குப் பெரம்பலூரில், பஸ் படிக்குக் கீழே நின்று, நான் அவனுக்குக் காட்டியிருந்தேன்.

"நீங்கதானண்ணே டிசைன் பண்ணுனது?" என்றாள் அவள். "அந்த மூஞ்சி இல்லாத ஆளு யாருன்னு கல்யாணத்துலேருந்து கேக்குறேன். இவரு சொல்லவே மாட்டேங்கிறாரு. கேட்டா எந்திரிச்சுப் போயிடுறாரு. நீங்களாவது சொல்லுங்கண்ணே."

அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கேட்க அவளுக்கு என்னைவிட அதிக உரிமை உண்டு. தண்ணீரைக் குடித்து முடித்துச் சொம்பைக் கொடுத்தேன்.

"எனக்குத் தெரியும்மா. ஆனா நான் சொல்ற விஷயம் இல்ல, அவரு வாயாலதான் வரணும். வுடாதீங்க, கேட்டுக்கிட்டே இருங்க."

"சரிங்கண்ணே" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. அங்கேயே, என் முன்னாலேயே, அவனிடம் திரும்பினாள்.

"யாருங்க அது?"

வண்டிச் சாவி என் கையில் இருந்தது. பதிலைக் கேட்காமல் நான் கிளம்புவதாக இல்லை.