எத்தனை வருஷம் ஓடணும்

ஆரியசாலையில் ஒரு மளிகை மொத்தக் கடைக்குக் கொள்முதல் பார்ப்பது என் வேலை. மல்லி, வத்தல், பருப்பு என்று மூட்டைக்குள் கைவிட்டுத் தரம் பார்த்தே முப்பது வருஷம் பிழைத்தவன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. சரக்கு எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய். தரத்தை அப்புறம் பார். பத்து நாளில் போகிற சரக்குக்கு ஆறு மாதம் தாங்குகிற தரத்தில் வாங்குகிறவன் வியாபாரி இல்லை, மடையன். இந்த விதியை நான் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தேன். குடையோ செருப்போ மிக்சியோ, எதை வாங்கப் போனாலும் எத்தனை நாளைக்கு என்ற கேள்விதான் என் வாயில் முதலில் வரும். "கல்யாணப் பட்டு எடுக்கப் போனப்பவும் இதத்தான் கேட்டிருப்பீங்க" என்று என் மனைவி கேலி செய்வாள். உண்மையில் கேட்டேன்.

கார் அவளுடையது. அவள் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். நாற்பது வயதில் யாரையும் கேட்காமல் ஓட்டக் கற்றுக்கொண்டு, கடன் போட்டு வாங்கிய வண்டி. எனக்கு ஓட்டத் தெரியாது. கடைக்கு நடந்து போகிறவனுக்கு அது எதற்கு என்று இருந்துவிட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே அந்த வீட்டுக்கு டிரைவர் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகி, அதன்பின் கீமோவும் முடிந்து மூன்று வருஷம் நன்றாக இருந்தாள். பிறகு அது ஈரலுக்கு வந்துவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்தது. மறுபடியும் கீமோ ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எவ்வளவு பலன் இருக்கும் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. "வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுத் திங்கட்கிழமை வந்து சொல்லுங்கள்" என்றார். வீட்டில் நாங்கள் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம். அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம். ஏற்றிக்கொள் என்று கெஞ்சவும் வாய் வரவில்லை. ஊசியும் வாந்தியும் அவளுக்கு, கெஞ்சல் மட்டும் எனக்கா என்று ஒரு கூச்சம்.

அந்த வாரம் நல்ல மழை. வியாழக்கிழமை பழவங்காடி முக்கில் முன்னால் போன பஸ் நிற்க, இவள் பிரேக் போட, வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய் பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. இறங்கிப் பார்த்தால் முன் டயர் இரண்டும் மொட்டை. மறுநாள் சாயங்காலம் கரமனைப் பக்கம் ஒரு டயர் கடைக்குப் போனோம். புதியதும் விற்பார்கள், பழையதும் விற்பார்கள். கடைக்காரர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்; எங்களைப் போலவே தமிழில் மலையாளம் கலந்து பேசுவார்.

அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சாரே, இது இனி எத்தனை வருஷம் ஓடணும்?"

"ரெண்டு வருஷம் மதி. அதுக்கு மேல எதுக்கு?" என்றேன்.

அவர் கேட்டு முடித்திருக்கவில்லை, அதற்குள் ரெண்டு போதும் என்று சொல்லிவிட்டேன். வண்டிக்குப் பதின்மூன்று வயது. பதினைந்தானால் மறுபடி ரிஜிஸ்டர் செய்ய அலைய வேண்டும். அதற்கு முன் விற்றுவிடுவது என்று எப்போதோ நானாக நினைத்து வைத்திருந்தேன். என் மனதில் ஓடியது அவ்வளவுதான்.

"அப்பம் புதுசு வேண்டாம். செகண்ட்ல நல்ல ஜோடி ஒண்ணு வந்து கிடக்கு" என்று அவர் உள்ளேயிருந்து இரண்டை உருட்டிக்கொண்டு வந்தார். எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. குத்தவைத்து உட்கார்ந்து டயரின் ரப்பர் பட்டன்களுக்கு நடுவே நகத்தை விட்டு ஆழம் பார்த்தேன். பக்கவாட்டில் வெடிப்பு உண்டா என்று தடவினேன். உள்ளே ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று கைவிட்டுத் துழாவினேன். எந்த வருஷம் செய்தது என்பதற்கு ஓரத்தில் நாலு எண் இருக்கும் என்று அவர் காட்ட, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையும் வாசித்தேன். மல்லி மூட்டையில் காட்டாத கவனம். இவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள். அவளை நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

டயரை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் நல்ல பேரம் முடித்த பெருமையில் நான் பேசிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலையில் தோசையை என் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"திங்கக்கிழமை டாக்டர்ட்ட வேண்டாம்னு சொல்லிடலாம்."

எனக்குக் கோபம்தான் முதலில் வரும். மற்றதெல்லாம் அதன் பின்னால் மெதுவாகத்தான் வரும். "உனக்கென்ன பைத்தியமா? நீயா முடிவு பண்ணிடுவியா, நான் ஒருத்தன் இங்க எதுக்கு இருக்கேன்?" என்று கத்தினேன். அவள் அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினாள். நேற்று காலை வரை இப்படி ஒரு பேச்சு இல்லையே, இடையில் என்ன நடந்தது என்று தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். கார் நின்றது. கடைக்காரர் பூசிவிட்ட கறுப்பு மையில் முன் டயர் இரண்டும் பளபளவென்று இருந்தன. அப்போதுதான் என் காதிலேயே என் குரல் கேட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை. 

உள்ளே போய், "வண்டிய எடு. அந்தக் கடைக்குப் போகணும்" என்றேன்.

"எதுக்கு?"

"புது டயர் போடணும்."

"நேத்து ரெண்டு வருஷம் மதின்னீங்களே."

"அது வண்டிக்குச் சொன்னது. வண்டிக்கு மட்டும்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியாதா? வண்டிக்குத்தான் சொன்னீங்க. ஆனா அவரு கேட்டப்போ நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு நின்னேன். ஒரு நிமிஷம் யோசிப்பீங்கன்னு நெனச்சேன். எனக்கு ஒரு நம்பர் வேணும்போல இருந்துச்சு, கேட்டோ. டாக்டர் சொல்லல. நீங்களாவது சும்மா ஒரு அஞ்சுன்னு சொல்லியிருந்தா, சரி, இந்த மனுஷன் அஞ்சு வருஷம் எதிர்பாக்கறாருன்னு இருந்திருப்பேன்."

இருபத்தெட்டு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவன் நான். நீ எனக்கு வேண்டும் என்று ஒரு நாள் சொன்னதில்லை. அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா என்று ஒரு திமிர். அன்றைக்குச் சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"என்கிட்ட எத்தனை வருஷம்னு கேட்டா, எவ்வளவு கிடைச்சாலும் எனக்குக் காணாது. நீ போயிட்டா நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு. நீ அந்த மருந்த ஏத்திக்கோ."

 அதன்பிறகுதான் அவள் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். முதல் தடவை கீமோவுக்கு அவளே வண்டி ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, டாக்சி பிடித்துத் திரும்புவாள். மறுநாள் போய் வண்டியை எடுத்து வருவாள். நான் கடையில் இருப்பேன். கூட வருகிறேன் என்று நான் சொன்னதற்கு வேண்டாம் என்றாள், நானும் விட்டுவிட்டேன். அப்படி ஒரு நாள் டாக்சியில் வாந்தி எடுத்துவிட்டாள். டிரைவர் திட்டவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரும் துணியும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய் நின்றிருக்கிறான். இவள் ரோட்டோரத்தில் குனிந்து நின்று சீட்டைத் துடைத்திருக்கிறாள்.

"செத்துப் போறதுக்குக்கூட எனக்கு அவ்வளவு பயமில்ல. இனியும் அடுத்தவன் வண்டியில அப்படி வர எனக்கு வய்யா, முடியாது" என்றாள்.

"நான் ஓட்டறேன்."

"நீங்களா?"

"நான்தான். பின்னே யாரு இருக்கா?"

எனக்கு அப்போது வயது ஐம்பத்தேழு. அவள் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சிரித்தாள். பிறகு சாவியை எடுத்தாள்.

கடைக்காரர் எங்களைக் கண்டதும் டயரில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டார். இல்லை, புதியது வேண்டும் என்றதும் அவருக்கு விளங்கவில்லை. "நல்ல ஜோடியாக்குமே சாரே, நீங்கதான நோக்கி எடுத்தீங்க" என்றார்.  இவள்தான் சொன்னாள்: "இவரு ஓட்டப் படிக்கப்போறாரு. நல்லதாப் போட்டுக் குடுங்க." நாலு சக்கரத்துக்கும் புதியது போட்டோம். நான் எதையும் தடவிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டரிடம் சரி என்றாள். முதல் மூன்று தடவையும் டாக்சியில்தான் போய்வந்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டேன். காலையில் மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். என் மகனாக இருக்க வேண்டிய வயதில் உள்ள மாஸ்டர், கிளட்ச் கிளட்ச் என்று காலையெல்லாம் என்னைத் திட்டினான். யாரிடமும் பேச்சுக் கேட்டுப் பழக்கமில்லாத நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். டெஸ்டில் கம்பிகளுக்கு நடுவே எச் எழுத்துபோல வண்டியை ஓட்டிக் காட்டும்போது கம்பியைத் தட்டிவிட்டுத் தோற்றேன். இரண்டாம் தடவை தேறினேன்.

அதற்குப் பிறகு அவள் இருபது மாதம் இருந்தாள். ரெண்டு வருஷம் என்று நான் போட்ட கணக்கு ஏறக்குறையச் சரியாகத்தானே வந்தது என்று எவனாவது சொன்னால் அவனை நான் அடித்துவிடுவேன். கணக்காம் கணக்கு. அந்த இருபது மாதமும் எனக்குக் காணவில்லை.

நாலாவது கீமோவுக்கு நான்தான் ஓட்டினேன். போகும்போது அவள் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, பிரேக், பிரேக், மெதுவா, இடது பக்கம் ஆட்டோ என்று சொல்லிக்கொண்டே வந்தாள். திரும்பும்போது அதைச் சொல்லத் தெம்பு இல்லை. பக்கத்துச் சீட்டைச் சாய்த்துக்கொண்டு, மடியில் கவரை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். தம்பானூர் நெரிசலில் வண்டி இரண்டு தடவை ஆஃப் ஆகிப் பின்னால் எல்லாரும் ஹார்ன் அடித்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லையே என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வருஷமாக அந்த வண்டியில் தூங்கியது நான் மட்டும்தான். நாகர்கோவிலிலிருந்து ராத்திரி திரும்பும்போதெல்லாம் குறட்டை விட்டுத் தூங்குவேன். அவள் விழித்துக்கொண்டு ஓட்டிவருவாள். அவள் முகம் காரில் தூங்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கள் தெரு வந்தது. நிறுத்தினால் விழித்துக்கொள்வாள். நான் நிறுத்தாமல் வீட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனேன்.